சைக்கிளில் ஏறிய இஞ்சின் – 6: பக்கவாட்டில் ஒரு கார்புரேட்டர்

1946. ஜப்பானின் ஹமாமட்சு நகரம் குண்டுவீச்சில் சிதைந்து கிடந்தது. ரயில்களில் நிற்கவும் இடமில்லை. அரிசிக்கும் காய்கறிக்கும் மக்கள் சைக்கிளில் கிராமம் கிராமமாக அலைந்தார்கள். அப்போது சோய்சிரோ ஹோண்டாவின் கண்ணில் ஒரு சின்ன இஞ்சின் பட்டது. ராணுவத்தின் வயர்லெஸ் கருவிகளுக்கு மின்சாரம் தருவதற்காக மிகுனி நிறுவனம் செய்த ஜெனரேட்டர் இஞ்சின் அது. போர் முடிந்ததும் அதற்கு வேலை இல்லாமல் போயிற்று. ஹோண்டா அதைத் தூக்கிக்கொண்டு வந்து ஒரு சைக்கிளில் பொருத்தினார். பெட்ரோல் டாங்க்குக்கு எதுவும் கிடைக்காததால், குளிர்காலத்தில் படுக்கையைச் சூடாக்க வைத்திருந்த வெந்நீர்க் குடுவையை மாட்டினார். அவர் மனைவி சாச்சி அந்த வண்டியை ஓட்டிப் பார்த்தார். பெண்கள் ஓட்டினால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஹோண்டா விரும்பினார்.

கையில் கிடைத்த ராணுவ இஞ்சின்கள் சுமார் ஐந்நூறு. அவை தீர்ந்ததும் சொந்தமாக ஒன்றைச் செய்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்தது. முதலில் வரைந்தது புகைபோக்கி போல உயர்ந்து நின்ற ஒரு விசித்திர இஞ்சின். சிலிண்டருக்குள் புதிதாக வரும் கலவை எரியாமலே புகையோடு வெளியேறுவதைத் தடுக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். எண்ணம் நல்லது, அன்றைய உலோகமும் அன்றைய பட்டறையும் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. அதைக் கைவிட்டு, 1947-இல் ஏ-டைப் என்ற 50 சிசி டூ ஸ்ட்ரோக் இஞ்சினை வெளியிட்டார். ஹோண்டா என்ற பெயரைத் தாங்கி விற்பனைக்கு வந்த முதல் பொருள் அதுதான். திறன் அரைக் குதிரை.

ஏ-டைப்பைப் பார்க்கும் எந்த மெக்கானிக்கும் முதலில் கவனிப்பது கார்புரேட்டர் இருக்கும் இடத்தைத்தான். அந்தக் காலத்துச் சின்ன டூ ஸ்ட்ரோக்குகளில் பெரும்பாலானவற்றில் அது சிலிண்டருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும். இங்கே அது கீழே, கிராங்க் கேஸின் பக்கவாட்டில் நிற்கிறது. அதற்கு உட்புறம், கிராங்க் ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுழலும் ஒரு மெல்லிய வட்டத் தகடு. தகட்டின் ஓரத்தில் ஒரு வெட்டு. அந்த வெட்டு கார்புரேட்டரின் வாய்க்கு நேராக வரும்போது வழி திறக்கும்; தாண்டிப் போனதும் மூடும். பழுதுபட்ட ஒரு நகரத்தில், அரைக் குதிரைத் திறனுக்காக, இவ்வளவு மெனக்கெடல் ஏன்? இந்தப் பகுதி முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கு இரண்டு பக்கமும் வேலை உண்டு. தலைக்கு மேலே எரிப்பு நடக்கிறது. காலடியில் கிராங்க் கேஸ் ஒரு பம்ப்பாக இயங்குகிறது. பிஸ்டன் மேலே ஏறும்போது கீழே வெற்றிடம் உண்டாகி, பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை கிராங்க் கேஸுக்குள் இழுக்கப்படுகிறது. பிஸ்டன் இறங்கும்போது அதே கலவை அழுத்தப்பட்டு, பக்கவாட்டு வழிகள் மூலம் சிலிண்டருக்கு ஏறுகிறது. ஆகவே கிராங்க் கேஸின் வாசலை எப்போது திறப்பது, எப்போது சாத்துவது என்பதை வைத்தே இஞ்சினின் குணம் அமைகிறது.

இங்கிலாந்தின் பாத் நகரத்து ஜோசஃப் டே 1889-இல் காப்புரிமைக்கு எழுதியபோது இதற்கு ஒரு தானியங்கிக் கதவை வைத்தார். கொல்லன் துருத்தியின் அடியில் தோல் நாக்கு ஒன்று இருக்குமே, உறிஞ்சும்போது திறந்து அழுத்தும்போது தானாக மூடிக்கொள்ளுமே, அதே வேலையைச் செய்யும் வால்வு. மூன்று ஆண்டுகளில் அவரிடம் பணிபுரிந்த ஃப்ரெடரிக் காக் அந்த வால்வையே தூக்கி எறிந்தார். சிலிண்டர் சுவரில் கீழ்ப்பக்கமாக ஒரு துளை போட்டார். பிஸ்டன் மேலே ஏறியதும் அதன் அடிவிளிம்பு துளையைத் திறக்கும், இறங்கும்போது மூடும். பிஸ்டன், கனெக்டிங் ராட், கிராங்க் ஷாஃப்ட் என்று அசையும் பாகங்கள் மூன்றே. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான இஞ்சின்கள் இந்த முறையில் ஓடியிருக்கின்றன. மலிவுக்கும் எளிமைக்கும் இதை மிஞ்ச இன்றுவரை எதுவும் வரவில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் இதில் ஒரு குறை பிறவியிலேயே இருக்கிறது. பிஸ்டன் உச்சியை அடைவதற்கு எத்தனை பாகை முன்னால் துளை திறக்கிறதோ, உச்சியைத் தாண்டி அத்தனை பாகை கழித்துத்தான் மூடும். ஒன்றைக் கூட்டினால் மற்றதும் கூடும். 60 பாகை முன்னால் திறக்கும் ஒரு சாதாரண இஞ்சினை எடுத்துக்கொள்வோம். உச்சியைத் தாண்டி 60 பாகை வரும்போது பிஸ்டன் தன் இறக்கத்தில் ஏறத்தாழ முப்பது சதவீதத்தை முடித்துவிடும். அந்த முப்பது சதவீதப் பயணத்திலும் வாசல் திறந்தே கிடக்கிறது. வேகமாகச் சுற்றும்போது பாதகமில்லை. உள்ளே பாய்ந்து வரும் கலவைக்குத் தன் ஓட்டத்தின் உந்தம் இருக்கிறது. பிஸ்டன் எதிர்த்துத் தள்ளினாலும் அது நுழைந்துகொண்டே இருக்கும். மெதுவாகச் சுற்றும்போது அந்த உந்தம் இல்லை. உள்ளே வந்ததில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிப் போகிறது. கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் புகையாகத் துப்புவதும், ஏர் ஃபில்டர் எண்ணெய்ப் பிசுக்காகக் கிடப்பதும் இதனால்தான்.

துளையைச் சிறிதாக்கி, 45 பாகையில் திறந்து 45 பாகையில் மூடும்படி செய்யலாமே என்று தோன்றும். செய்தார்கள். வீணாகும் இறக்கம் பதினெட்டு சதவீத அளவுக்குக் குறையும். கூடவே, கலவை உள்ளே வரக் கிடைக்கும் நேரமும் குறையும். வேகம் எடுத்ததும் இஞ்சினுக்கு மூச்சு முட்டும்.

மோட்டார் சைக்கிளில் இதைச் சமாளிக்க கியர் இருக்கிறது. மேடு வந்தால் கியரைக் குறைத்து, இஞ்சினை அதற்குப் பிடித்த வேகத்திலேயே வைத்துக்கொள்ளலாம். சைக்கிள் இஞ்சினுக்கு அந்த வசதி இல்லை. ஒரே ஒரு விகிதம்தான். ரப்பர் உருளையோ, பெல்ட்டோ, செயினோ, எதுவானாலும் சக்கரத்தோடு நேரடிக் கட்டு. ஓசூரில் 1980-இல் பிறந்த டிவிஎஸ் 50-ஐ மிதித்து ஸ்டார்ட் செய்தவர்களின் கால்களுக்கு இது நினைவிருக்கும். மனிதன் மிதிக்கும் வேகத்திலேயே இஞ்சின் பற்றிக்கொள்ள வேண்டும், அங்கிருந்தே இழுக்கவும் வேண்டும். மேடு வந்து வண்டி தளர்ந்தால் இஞ்சினின் சுற்றும் தளரும். சுற்று தளர்ந்ததும் கலவை பின்னால் துப்பப்படுவது கூடும். எந்த நேரத்தில் பலம் வேண்டுமோ அந்த நேரத்தில்தான் அது கைவிடும்.

தகடு இதைத்தான் தீர்க்கிறது. வாசலைத் திறப்பதும் மூடுவதும் இப்போது பிஸ்டனின் கையில் இல்லை. வெட்டின் முன்விளிம்பை எங்கே வைக்கிறோமோ அங்கே திறக்கும். பின்விளிம்பை எங்கே வைக்கிறோமோ அங்கே மூடும். இரண்டுக்கும் ஒன்றோடொன்று தொடர்பே இல்லை. பிஸ்டன் ஏறத் தொடங்கி, சிலிண்டருக்குப் போகும் வழிகள் மூடிய உடனேயே, அதாவது உச்சிக்கு 120 பாகை முன்னாலேயேகூட, வாசலைத் திறந்துவிடலாம். உச்சியைத் தாண்டியதும் சீக்கிரமாகவே, 45 பாகைக்குள், சாத்திவிடலாம். நீண்ட நேரம் உறிஞ்சும், உறிஞ்சியதை விடாது. சுற்று குறைந்தாலும் கிராங்க் கேஸ் நிரம்பும்.

விலை இல்லாத வரம் இல்லை. தகடு கொஞ்சமும் கோணாமல் தட்டையாக இருக்க வேண்டும். அது உரசும் முகமும் அப்படியே. இடைவெளி கூடினால் அழுத்தம் கசியும், குறைந்தால் தேயும். கிராங்க் கேஸின் ஒரு பக்கம் முழுவதும் அதற்கே போய்விடுகிறது. ஹோண்டாவின் பட்டறையில் இத்தனைக்கும் நடுவில் அலுமினியத்தை டை காஸ்ட்டிங் முறையில் வார்க்கவும் முயன்றார்கள். அச்சு செய்வதற்கே பெரும் பணம் தேவைப்பட்ட முறை அது. மணலில் வார்த்து அராவி எடுப்பதே வழக்கமாக இருந்த சூழலில் இது துணிச்சல் என்றுதான் சொல்ல வேண்டும்.

இதே காலத்தில் உலகத்தின் மறுகோடியில், ஹாலந்தில், இதே விடைக்கு மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள். பெர்ன்ஹார்ட் நாய்மன், ரினுஸ் ப்ருயின்சீல், நிகோ குரோனன்டைக். மூவரின் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து உருவான பெயர்தான் பெரினி. 1949 வாக்கில் வந்த அவர்களுடைய எம்-13 இஞ்சின் முன்சக்கரத்துக்கு மேலே உட்கார்ந்து, உருளை மூலம் டயரை உருட்டியது. அதன் டாங்க் முட்டை வடிவம். டச்சுக்காரர்கள் அந்த வண்டியையே முட்டை என்று அழைத்தார்கள். உள்ளே 32 மில்லிமீட்டர் விட்டச் சிலிண்டர், 32 மில்லிமீட்டர் ஓட்டம், மொத்தம் 25.7 சிசி. ஹோண்டாவின் ஏ-டைப்பில் பாதிதான். கலவையை உள்ளே விட, சுழலும் தகடு.

அதே வடிவமைப்பு கால்வாயைத் தாண்டி இங்கிலாந்துக்குப் போய் சைக்கிள்மாஸ்டர் ஆனது. அங்கே அது முன்சக்கரத்தின் மேல் ஏறவில்லை, பின்சக்கரத்தின் உள்ளேயே புகுந்தது. கடைக்காரர் உங்கள் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, இஞ்சின், டாங்க், கிளட்ச், செயின் எல்லாம் அடங்கிய இன்னொரு சக்கரத்தை மாட்டிக் கொடுப்பார். விலை 25 பவுண்டு. செய்தது ஹேய்ஸில் இருந்த இஎம்ஐ. கிராமஃபோன் இசைத்தட்டுகளுக்குப் பெயர் போன அதே நிறுவனம். சந்தைக்கு வந்த ஆண்டு 1950. அந்த ஆண்டு மே மாதத்தில்தான் பிரிட்டனில் பெட்ரோல் பங்கீடு முடிவுக்கு வந்தது. இதைவிடப் பொருத்தமான நேரம் அமைந்திருக்க முடியாது.

சக்கரத்துக்குள் ஓர் இஞ்சினை அடக்க வேண்டும் என்றால் ஒவ்வொரு அங்குலமும் கணக்கு. சிலிண்டருக்குப் பின்னால் கார்புரேட்டர் துருத்தி நிற்க வேண்டியதில்லை என்பதும் தகட்டால் கிடைத்த லாபம்தான். 25.7 சிசி என்பது இரண்டு மேஜைக் கரண்டி கொள்ளளவுக்கும் குறைவு. அவ்வளவு சிறிய அறையில் முப்பது சதவீதம் திரும்பித் துப்பப்பட்டால் மிச்சம் என்ன இருக்கும்? தகடு இல்லாமல் இந்த இஞ்சின் தன் எஜமானரைச் சமதரையிலேயே இழுத்திருக்குமா என்பது சந்தேகம். தகட்டோடு அது மணிக்கு இருபது மைல் வரை போயிற்று.

ஆனாலும் 1952-இல் சைக்கிள்மாஸ்டரின் சிலிண்டர் விட்டத்தை 36 மில்லிமீட்டராகப் பெருக்கி 32.6 சிசி ஆக்கினார்கள். பிரிட்டிஷ் மேடுகளும் கனமான ஆட்களும் கேட்டது அதைத்தான். எத்தனை சாமர்த்தியமாகக் கலவையை உள்ளே விட்டாலும் கொள்ளளவுக்கு மாற்று கிடையாது. குரோய்டனில் ட்ரோஜன் நிறுவனம் செய்த மினி-மோட்டார் தொடக்கத்திலேயே 49.9 சிசியோடு வந்தது. இத்தாலியரான வின்சென்ட் பியாட்டி வரைந்தது. பின்டயரின் மேல் உருளையை அழுத்தி ஓடியது. மழைநாளில் உருளை வழுக்கும் என்பது அந்தக் குடும்பத்து இஞ்சின்கள் அத்தனைக்கும் பொதுவான துன்பம். சைக்கிள்மாஸ்டரின் செயினுக்கு அந்தக் கவலை இல்லை.

இனி எதிர்க்கட்சியையும் கேட்டாக வேண்டும். பிரான்சின் வேலோசோலெக்ஸ். மொரீஸ் குடார், மார்செல் மென்னெஸ்ஸோன் இருவரும் பொறியாளர்கள். அவர்களுடைய சோலெக்ஸ் நிறுவனத்தின் தொழிலே கார்புரேட்டர் செய்வதுதான். இஞ்சினுக்குள் காற்று எப்படி நுழைகிறது என்பதை ஐரோப்பாவில் அவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் குறைவு. அவர்களோ காக்கின் பழைய முறையிலேயே நின்றார்கள். பிஸ்டன் திறக்கும் துளை, அவ்வளவுதான். 1946-இல் விற்பனைக்கு வந்த 45 சிசி சோலெக்ஸின் திறன் 0.4 குதிரை. அளவுக்கு அது மிகவும் குறைவு. வேண்டுமென்றே குறைவாக வைத்தார்கள். பாதிரியாரும் பள்ளிக்கூட ஆசிரியையும் கடைக்குப் போகும் பாட்டியும் ஏறி உட்காரும் வண்டி அது. மேடு வந்தால் மிதிக்க வேண்டியதுதான். மனிதக் காலே அதன் இரண்டாவது கியர்.

தங்கள் கைத்திறனை அவர்கள் வேறோர் இடத்தில் காட்டினார்கள். அதைச் சொல்லாமல் சோலெக்ஸைக் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை. முன்சக்கரத்துக்கு மேலே இருந்த அந்த இஞ்சினில் டாங்க் கார்புரேட்டரைவிடத் தாழ்ந்திருந்தது. பெட்ரோல் தானாக இறங்கி வராது. கிராங்க் கேஸில் ஒவ்வொரு சுற்றிலும் அழுத்தம் ஏறி இறங்குகிறதல்லவா, அந்தத் துடிப்பை ஒரு மெல்லிய சவ்வுக்கு ஊட்டி, அதையே பம்ப்பாக்கிப் பெட்ரோலை மேலே ஏற்றினார்கள். தேவைக்கு மிஞ்சியது வழிந்து டாங்குக்கே திரும்பும். ஆகவே கார்புரேட்டரில் மிதவை கிடையாது, ஊசி வால்வு கிடையாது. ஆனாலும் பெட்ரோல் மட்டம் மாறாது. சாதாரண கார்புரேட்டரில் அடிக்கடி கெடும் இரண்டு பாகங்களை இப்படி இல்லாமலே செய்துவிட்டார்கள். 1988 வரை இந்த வண்டி பிரான்சில் தயாரானது. விற்றது எழுபது லட்சத்துக்கும் மேல் என்று சொல்லப்படுகிறது. தகடு வைத்த எந்தச் சைக்கிள் இஞ்சினும் இந்த எண்ணிக்கையின் அருகில்கூட வந்ததில்லை.

ஹோண்டா இஞ்சினை நேசித்தார். சோலெக்ஸ்காரர்கள் ஓட்டுபவரைப் படித்தார்கள். எனக்கு இருவர் மீதும் மதிப்பு உண்டு. சந்தை யார் பக்கம் நின்றது என்பதில் ஐயமில்லை. ஹோண்டாவே அதை விரைவில் கற்றுக்கொண்டார். 1952-இல் வந்த அவருடைய கப் எஃப்-டைப், வெள்ளை டாங்கும் சிவப்பு இஞ்சினுமாகப் பார்க்க அழகாக, ஆறு கிலோ எடையில் வந்தது. 50 சிசியில் ஒரு குதிரைத் திறன். ஹோண்டாவின் கூட்டாளி டகேயோ ஃபுஜிசாவா நாடெங்கும் இருந்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சைக்கிள் கடைகளுக்குக் கடிதம் எழுதி அதை விற்றார். அந்தக் கடிதங்களின் கதைக்குத் தனியாக ஒரு பகுதி வேண்டும்.

தகட்டின் கதை அத்தோடு முடியவில்லை. 1950-களின் தொடக்கத்தில் கிழக்கு ஜெர்மனியில் டேனியல் சிம்மர்மன் என்பவர் தன் 125 சிசி பந்தய வண்டியின் கிராங்க் கேஸில் தகடு பொருத்தினார். எம்இசட் தொழிற்சாலையின் வால்டர் காடன் அதைக் கையில் எடுத்தார். சைக்கிள்காரர்கள் மெதுவான சுற்றில் கலவை தப்பாமலிருக்க வாசலைச் சீக்கிரம் மூடினார்கள். காடனுக்குத் தேவை நேர்மாறானது. பாய்ந்து வரும் கலவை கடைசித் துளி வரை நுழைய, உச்சியைத் தாண்டி எழுபது எண்பது பாகை வரையும் அவர் வாசலைத் திறந்து வைக்க விரும்பினார். ஆனால் பிஸ்டன் திறக்கும் துளையில் மூடுவதைத் தள்ளிப்போட்டால் திறப்பதும் அதே அளவு முன்னே போகும். இரண்டையும் தனித்தனியே வைத்துக்கொள்ளும் உரிமை தகட்டிடம் மட்டுமே இருந்தது. 1961-இல் எம்இசட் 125 சிசி இஞ்சின், காற்றை அழுத்தித் திணிக்கும் சூப்பர்சார்ஜர் இல்லாமலே, லிட்டருக்கு 200 குதிரைத் திறன் என்ற எல்லையைத் தொட்டது. சூப்பர்சார்ஜர் இல்லாத எந்த இஞ்சினும் அதற்கு முன் அந்த எல்லையைத் தொட்டதில்லை.

அதே 1961 செப்டம்பரில், ஸ்வீடன் பந்தயத்தின்போது, எம்இசட்டின் முதன்மை வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்குக்குத் தப்பி, சுசுகியிடம் போய்ச் சேர்ந்தார். காடனின் ரகசியங்கள் அவரோடு ஜப்பானுக்குப் போயின. சுசுகியும் ஹமாமட்சு நிறுவனம்தான். தறி செய்துகொண்டிருந்தவர்கள், 1952-இல் பவர் ஃப்ரீ என்ற 36 சிசி சைக்கிள் இஞ்சினோடு இந்தத் துறைக்குள் நுழைந்தவர்கள். பத்தே ஆண்டுகளில், 1962-இல், 50 சிசி பிரிவுக்கு முதன்முதலாக உலகப் பட்டம் வைக்கப்பட்டபோது டெக்னர் அதைச் சுசுகிக்கு வென்று கொடுத்தார். வண்டியில் எட்டு கியர், எட்டுக் குதிரைத் திறன், நிமிடத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் சுற்று. கிராங்க் கேஸின் பக்கவாட்டில் கார்புரேட்டர், அதற்கு உட்புறம் தகடு.

அந்த ஆண்டு அதனோடு மோதித் தோற்ற வண்டிகளில் ஹோண்டாவுடையதும் ஒன்று. அது ஃபோர் ஸ்ட்ரோக். ஹோண்டா 1951-லேயே ஃபோர் ஸ்ட்ரோக் பக்கம் திரும்பியிருந்தார், டூ ஸ்ட்ரோக்கின் புகையும் சத்தமும் அவருக்குப் பிடிக்கவில்லை. 50 சிசி பட்டத்துக்காக அவர் நிறுவனம் 1965 வரை காத்திருந்து, அதையும் ஃபோர் ஸ்ட்ரோக்கில்தான் வென்றது.

(அடுத்த பகுதியில்: ஸ்பார்க் பிளக்கே இல்லாத 18 சிசி லோமன். ஓட்டிக்கொண்டே கைப்பிடியைத் திருகி இஞ்சினின் அழுத்த விகிதத்தை மாற்றும் ஜெர்மன் அதிசயம்.)